உயிரோடிருப்பவனுக்கு ஒப்பாரி

தம்பி, என்னையப் பாத்தா ஆஸ்பத்திரிக்குள்ள வந்து எழவு கொட்டுற ஆள் மாதிரியா தெரியுது? உள்ளதைச் சொல்லுங்க. தேய்ச்ச சட்டை. பாலிஷ் போட்ட ஷூ. அருப்புக்கோட்டையில இருந்து பஸ் மாறி மாறி நாகர்கோவில் வந்து சேர்ந்திருக்கேன், சிநேகிதனைப் பாக்க. அப்படி வந்த மனுசனைப் போயி, "வெளிய போங்க, இனிமே இந்த ரூம் பக்கமே வராதீங்க"ன்னு சொல்லுது அவன் மக. பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸாம். பத்து வயசுப் பயலை பெஞ்சு மேல ஏத்துற மாதிரி என்னைய இந்த பெஞ்சுல உக்கார வச்சிருச்சு.

கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துக்கங்க. எனக்கு அந்தக் கதவு தெரியணும்.

என் பேரு வெயிலுமுத்து. ரிட்டையர்டு ஹவில்தார். உள்ள கிடக்கறவன் சூசைமாணிக்கம், இங்கிட்டுக் கடற்கரைக்காரன். ரெண்டு பேரும் ஒரே பட்டாலியன், ஒரே செக்‌ஷன், ஒரே குழியில கிடந்தவங்க. இன்னைக்குப் பதினோரு மணிக்கு அவன் நெஞ்சைப் பொளந்து பைபாஸ் பண்ணப் போறாங்க. இந்த வயசுல அது சும்மா இல்ல, சொல்லிட்டுத்தான் பண்றாங்க டாக்டருங்க, அம்பது அம்பதுன்னு. போன வாரம் போன் போட்டான். "எலேய் மக்கா, எனக்க நெஞ்சைக் கீறப் போறானுவ. நீ வந்து பாடிட்டுப் போ"ன்னான். அம்புட்டுதான். அதைக் கேட்டுத்தான் வந்தேன். நானா வரல. கூப்பிட்டான், வந்தேன்.

என்ன பாட்டுன்னா கேக்குறீங்க? ஒப்பாரிதான்.

பாத்தீங்களா, நீங்களே முழிக்கிறீங்க. இருங்க, சொல்றேன். காப்பி குடிக்கிறீங்களா? வேணாமா? எனக்கும் வேணாம். இப்பத்தான் குடிச்சேன், அதுக்கு முன்னாடியும் குடிச்சேன். இந்த வாட்ச்மேன் வேற என்னையவே பாக்குறான். டேய், நான் உள்ள போகல, உக்காந்துதான் இருக்கேன்.

எழுபத்தொண்ணு பாகிஸ்தான் சண்டை. நீங்க பிறந்திருக்க மாட்டீங்க. பஞ்சாப் பார்டர்ல ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு இங்கிட்டு கரும்புக்காடு, அதுல குழி வெட்டி நாங்க. டிசம்பர் மாசம். குளிருன்னா நம்ம ஊர்க் குளிரா? மூக்கு இருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கணும். பகல்ல அவய்ங்க ஷெல் அடிப்பாய்ங்க. எங்களுக்கு அடிக்க உத்தரவு இல்ல, இருக்க மட்டும்தான் உத்தரவு. சண்டை போடுறது கூட லேசு தம்பி. சும்மா குழியில குந்தி, அடுத்தது எங்க விழும்னு காதைத் தீட்டிக்கிட்டு இருக்கறதுதான் ஆளைத் தின்னுரும். ஒருத்தன் நகத்தைக் கடிச்சு ரத்தம் வர வச்சுக்குவான். ஒருத்தன் துப்பாக்கியைத் துடைச்சதையே துடைப்பான். நான் பேசிக்கிட்டே இருப்பேன். எனக்கு அது ஒண்ணுதான் தெரியும். இப்பவும் அதைத்தானே பண்றேன்.

தண்ணிக்கு வாய்க்காலுக்குத்தான் போகணும். ஒரு நாள் மத்தியானம் சூசை தண்ணி டின்னைத் தூக்கிக்கிட்டுப் போனான். போன கொஞ்ச நேரத்துல அந்தத் திக்குல ஒரு ஷெல். மண்ணு பனைமர உயரத்துக்கு எந்திரிச்சுச்சு. கூடப் போனவன் நாலு கால்ல ஓடி வந்து குழிக்குள்ள விழுந்து, "சூசை போயிட்டான், சூசை போயிட்டான்"னு அலறுறான்.

எங்க ஆத்தா ஒப்பாரிக்காரி. சுத்துப்பட்டுல எந்தத் துட்டி வீடா இருந்தாலும் ஆள் விட்டுக் கூப்பிடுவாங்க. அவ மடியில கிடந்து கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் குழிக்குள்ள எனக்கு வேற என்ன தோணும்? தலையில துண்டைப் போட்டுக்கிட்டு மார்ல அடிச்சுக்கிட்டேன். தானா வந்துச்சு.

கடல் பார்த்துப் பிறந்தவனே, என் ராசா
கரும்புக்காட்டுல சாஞ்சியா
மீன் திங்கப் பிறந்தவனே, என் ராசா
ரொட்டி தின்னு மாஞ்சியா

எங்க செக்‌ஷன்ல பாதிப்பேரு தமிழ், மத்தவங்க மலையாளம், தெலுங்கு. எல்லாப் பயலும் அழுகுறான். நான் ரெண்டாவது கண்ணி எடுக்கறேன், மேல இருந்து ஒரு குரல். "ரொட்டி தின்னு மாஞ்சதா? அதை இன்னொருக்கா பாடுலே, நல்லாருக்கு."

நிக்கிறான். முகம் பூரா சேறு. தோள்ல ஒரு கட்டுக் கரும்பு. ஷெல் விழுந்தப்ப இவன் வாய்க்கால்ல இல்ல, கரும்பு ஒடிக்கப் போயிருக்கான், திருட்டுப்பய. டின்னுதான் போச்சு. எங்களுக்கு முதல்ல மூச்சே வரல. அப்புறம் யாரோ ஒருத்தன் களுக்குன்னான். அம்புட்டுதான் தம்பி. வயித்தைப் புடிச்சுக்கிட்டு, ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து சிரிச்சோம். எதிரிக்காரனுக்குக் கேட்டிருக்கும். பைத்தியக்காரப் பயலுகன்னு நெனச்சிருப்பான். எத்தனையோ நாளைக்கப்புறம் அன்னைக்குத்தான் எல்லாரும் வயித்துக்குச் சாப்பிட்டோம்.

மறுநாள் திரும்பத் தண்ணிக்குப் போகணும். சூசை வேற டின் ஒண்ணை எடுத்தான், வச்சான். "மக்கா, நேத்து மாதிரி ஒண்ணு பாடிட்டு அனுப்பு. ஒருக்க எழவு விழுந்த ஆளை எமன் திரும்பத் தேடி வரமாட்டான், அவன் கணக்குல நான் முடிஞ்சு போனவன்"னான். கோயிலுக்குப் போற கிறிஸ்தவன் பேசுற பேச்சா இது? நான் பாடுனேன். போனான். வந்தான்.

அன்னையில இருந்து அது வழக்கமாயிருச்சு. யார் குழியை விட்டு வெளிய போனாலும், தண்ணிக்கோ, ரோந்து பட்ரோலுக்கோ, முதல்ல எழவு. அவன் நடுவுல மல்லாக்கப் படுத்துக்கணும். கால் கட்டை விரல் ரெண்டையும் பூட்ஸ் கயித்தால கட்டுவோம். ரெண்டு பேர் மார்ல அடிக்கணும். நான் அவன் செஞ்ச பாவத்தையெல்லாம் எடுத்துப் பாடுவேன். லங்கர் சமையக்கட்டுல ஜாம் டப்பா திருடுனது, அத்தை மகளுக்குக் காயிதம் எழுதி அத்தை கையில சிக்குனது, குறட்டை விட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கறவனை எழுப்பிவிட்டது, எல்லாம் வரும். பொணம் சிரிக்கப்படாது. சிரிச்சா முதல்ல இருந்து பாடணும். ஒரு தெலுங்குப் பையனுக்குப் பாட்டுல ஒரு வார்த்தை புரியாது, ஆனா நான் வாயைத் திறந்தாலே சிரிச்சிருவான். அவனை அனுப்பறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்.

வேடிக்கைதான் தம்பி. வெறும் வேடிக்கை. நம்பிக்கை கிம்பிக்கை எல்லாம் எனக்குக் கிடையாது. ஆனா ஒண்ணு, பாடிட்டு அனுப்புன ஒருத்தன் கூடத் திரும்பாம இருந்ததில்ல. சும்மா சொல்றேன், அவ்வளவுதான்.

எங்க சுபேதார் நம்பியார் சாப். மலையாளி. மீசைக்கே தனியா வெண்ணெய் வாங்குவாரு. அவருக்கு இது ஆகவே ஆகாது. "அபசகுனம், நிறுத்து. இல்லைன்னா உன்னை முதுகுல கல்மூட்டையோட ஓட விடுவேன்"னு சத்தம் போடுவாரு. அவரு திரும்பினதும் நாங்க ஆரம்பிச்சிருவோம். ஒரு நாள் அவரே முன்னாடி போயி இடம் பாத்துட்டு வரணும்னு உத்தரவு. மேப்பை மடிச்சாரு. பிஸ்டலைச் சரி பண்ணுனாரு. கிளம்பாம நிக்கிறாரு. அப்புறம் மெல்ல தொப்பியைக் கழட்டி வச்சாரு, எங்க நடுவுல வந்து படுத்துக்கிட்டாரு. கண்ணை மூடிக்கிட்டு, "வேகம் ஆகட்டும்"ங்கிறாரு.

மீசைக்கு நெய் தடவி, எங்க சாப்பு
மேட்டுல ஏறி நின்னீக
பொண்டாட்டிக்குப் பயந்துகிட்டு, எங்க சாப்பு
பட்டாளத்துல சேர்ந்தீக

மீசை ஆடுச்சு தம்பி! உதட்டைக் கடிச்சுப் பாக்குறாரு, முடியல. முதல்ல இருந்து பாடுனோம். போயிட்டு வந்துட்டாரு, ஒரு கீறல் இல்லாம.

இருங்க, அந்தக் கதவு திறக்குது.

இல்ல. நர்ஸு. சோப்பு வாங்கப் போறா போல.

எங்க விட்டேன்? ஆங், நேத்து. நேத்து சாயங்காலம் நான் வந்தப்ப சூசை நல்லாத்தான் இருந்தான். தலகாணியில சாஞ்சு உக்காந்துக்கிட்டு, "வந்துட்டான்பா பொணந்தூக்கி"ன்னு நர்ஸுகிட்ட என்னையக் காட்டுறான். அவங்க சாமியார், ஃபாதரு, அப்பத்தான் வந்து நெத்தியில கையில எண்ணெய் பூசி ஜெபம் பண்ணிட்டுப் போனாராம். சாகப் போறவங்களுக்குப் பண்ற சடங்கு அது, எனக்குத் தெரியாதா? ஃபாதர் எண்ணெய் பூசலாம். நான் பாடக்கூடாதாம்! என்ன நியாயம் இது? அவன் தானா கையை நெஞ்சு மேல வச்சுக் கண்ணை மூடிக்கிட்டான். நான் துண்டைத் தலையில போட்டேன். ரெண்டு அடிதான் பாடியிருப்பேன். பிரமிளா, அதான் அந்தப் பொண்ணு, பிளாஸ்க்கைத் தூக்கிக்கிட்டு உள்ள வருது. அப்பா கண்ணை மூடிக் கிடக்காரு, நான் மார்ல அடிச்சுக்கிட்டு நிக்கிறேன். பிளாஸ்க்கு போச்சு. கத்துச்சு பாருங்க. வார்டே திரண்டு வந்துருச்சு. "உசுரோட இருக்கற மனுசனுக்கு எழவு கொட்டுறீங்களே, நீங்கல்லாம் மனுசரா?"ன்னுச்சு. சூசை படுத்துக்கிட்டே சிரிக்கிறான். அது வேற அதுக்குக் கோவம்.

கோவத்துல நியாயம் இருக்குன்னு சொல்றீங்களா? இருக்கட்டும். ஆனா அதுக்கு என்ன தெரியும்? அதோட அப்பன் அந்தக் குழியில இருந்து வீடு திரும்பி, கல்யாணம் பண்ணி, அதைப் பெத்து, படிக்க வச்சான்னா... விடுங்க. வேடிக்கைதானே. விடுங்க.

செங்கோடன்னு ஒருத்தன் இருந்தான். சேலத்துப் பக்கம். நல்ல உடம்பு, நல்ல பய, ஆனா அவனுக்கு இந்த விளையாட்டு பிடிக்காது. "எங்க அம்மா எனக்காக மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டு உக்காந்திருக்கு. நீங்க எனக்கு எழவு பாடுவீங்களா?"ன்னான். படுக்க மாட்டேன்னுட்டான். சரி, உன் இஷ்டம்னு விட்டுட்டோம். பட்ரோல் போனான். தூக்கிட்டு வந்தாங்க.

அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது தம்பி. ஷெல்லுக்கு என்ன தெரியும், யாருக்குப் பாடுனாங்க, யாருக்குப் பாடலைன்னு? நூறு தடவை யோசிச்சிட்டேன், சம்பந்தம் கிடையாது.

அவனை எங்க நடுவுல படுக்க வச்சாங்க, நாங்க எல்லாரும் படுப்போமே அதே இடத்துல. வேற இடம் ஏது? எல்லாப் பயலும் என்னையப் பாக்குறான். நம்பியார் சாப்பு கூடப் பாக்குறாரு. இப்பத்தானே நிசமாப் பாடணும்? அதுக்குத்தானே அது இருக்கு? வாயைத் திறந்தேன். காத்துதான் வந்துச்சு. பனி. பஞ்சாப் பனி தொண்டையைக் கட்டிருச்சு. கடைசியில சாப்பு, "விடு"ன்னாரு. சூசை அவன் மப்ளரை எடுத்து என் கழுத்துல சுத்திவிட்டான். நாங்க பேசாம உக்காந்திருந்தோம். எங்க ஊர்ல நாயி செத்தாக் கூட நாலு வார்த்தை சொல்வாங்க.

எனக்குத் தொண்டை கொஞ்சம் வீக்குதான். எங்க ஆத்தா செத்தப்பவும் இப்படித்தான். ஊரெல்லாம் ஒப்பாரி பாடுனவளுக்கு மகன் ஒரு அடி பாடலையேன்னு சொந்தக்காரங்க பேசுனாங்க. தொண்டை கட்டியிருக்கப்ப நான் என்ன பண்ணட்டும்? நம்பியார் சாப் போனப்ப பாலக்காட்டுக்குப் போனேன், அப்பவும் சளி.

தம்பி, நீங்க எந்திரிச்சுப் போயிராதீங்க. உங்க அம்மாவை இன்னும் உள்ள கூப்பிடல, கூப்பிட்டா அவங்களே வந்து சொல்வாங்க. கண்ணாபரேஷனெல்லாம் ஒண்ணுமே இல்ல, வெங்காயம் உரிக்கற மாதிரி. பயப்படாதீங்க. நான் பயப்படுறேனா பாருங்க.

காலையில ஒருதரம் எட்டிப் பாத்தேன். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தான். கதவுல ஒரு கண்ணாடி இருக்குல்ல, அது வழியா. நெஞ்சு முடியெல்லாம் மழிச்சுட்டாங்க. பல்செட்டைக் கழட்டிட்டாங்க. வாய் உள்ள போயிக் கிடக்கு. நேத்து உக்காந்து நக்கல் பண்ணுன மனுசன், கோழிக்குஞ்சு மாதிரி அந்தப் பச்சைத் துணிக்குள்ள... அது யாரோ கிழவன் தம்பி. எனக்கு முதல்ல ரூம் மாறி வந்துட்டோமோன்னு தோணுச்சு. அதுல இருந்து இந்தக் கால் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. ஷுகரா இருக்கும்.

வருது. பிரமிளா வருது. சத்தியமா நான் உள்ள போகலம்மா, இந்தத் தம்பியைக் கேளு, இங்கனயேதான் உக்காந்திருக்கேன்.

என்னம்மா?

யாரு, என்னையவா?

அவனா கேட்டான்?

ஸ்ட்ரெச்சர்ல ஏற மாட்டேங்குறானா? நான் பாடலைன்னா தியேட்டருக்கே போக மாட்டானாமா? பாத்தியா, பாத்தியா, நேத்து நான் என்ன சொன்னேன்? நானா வந்தேன்? அட, நீ எதுக்கும்மா மன்னிப்புக் கேக்குற? நீ அழுகாத. முகத்தைத் துடை. நீ கத்துனது நியாயம்தான், எந்தப் புள்ளையும் கத்தும். இல்ல... இப்பவேவா? மணி என்ன? இல்லம்மா, வரேன். வரேன்னுதான் சொல்றேன். நீ முன்னால போ. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன். தொண்டை கட்டியிருக்கு. இந்த ஊர்க் காத்து ஒத்துக்கல. நீ போம்மா, நான் இதோ வரேன்.

போயிருச்சு.

தம்பி, உங்ககிட்ட விக்ஸ் மிட்டாய் ஏதும் இருக்கா? இல்லையா. சரி. கொஞ்சம் தண்ணி குடுங்க.

தண்ணியும் இறங்கல.

பாடிப் பாக்கறேன், இருங்க. கடல் பார்த்துப்... கடல் பார்த்... க்கும். இல்ல. வரல. கேட்டீங்கள்ல? காத்துதான் வருது.

என்ன பாக்குறீங்க? பயமா? ஆமா தம்பி. பயமாத்தான் இருக்கு. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நீங்க யாரோ நான் யாரோ. அந்தக் குழியில நான் ஒருத்தனும் சாவான்னு நெனக்கல. இருபது வயசு. செத்துப் போறதுங்கறது வேற ஆளுங்களுக்கு நடக்கறது. அதனாலதான் பாட வந்துச்சு. எல்லாரும் தைரியசாலி வெயிலுமுத்துன்னாய்ங்க, சாவையே கேலி பண்றவன்னாய்ங்க. சாவுன்னா என்னன்னே தெரியாத பய நான். இப்பத் தெரியுதே. இப்ப அவன் போயிருவான்னு எனக்குத் தெரியுதே. இதை வச்சுக்கிட்டு எப்படி அவன் முன்னால நின்னு கேலி பண்றது? வாயைத் திறந்தா நிசமான எழவு வந்துரும் தம்பி. அவன் கண்டுபிடிச்சிருவான். எனக்கு அவனை விட்டா யாரு இருக்கா? மருமகளுக்கு நான் பேசுனாலே தலைவலி. போன்ல மணிக்கணக்கா என் கதையைக் கேக்கறவன் அவன் ஒருத்தன்தான்.

நான் பஸ் ஏறிப் போயிர்றேன். நீங்க அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிருங்க, அவருக்கு அவசரமா ஒரு போன் வந்துச்சு, கிளம்பிட்டாருன்னு. என் பை எங்க? இந்தா இருக்கு. வரேன் தம்பி.

அய்யோ.

தள்ளிட்டு வராங்க. அவனைத்தான். ஏறிட்டானே! நாலு பேரு தள்ளுறாங்க, பிரமிளா பின்னாடியே ஓடி வருது. லிப்டு அந்தப் பக்கம் தானே, இங்கிட்டு ஏன் வராங்க? கையை நீட்டுறான். என்னையக் காட்டுறான். இங்க கொண்டாந்து நிறுத்தச் சொல்லித்தான் ஏறியிருக்கான் தம்பி, படவா. தலையில என்ன அது? பிரமிளா துப்பட்டாவைப் புடுங்கித் தலையில போட்டிருக்கான்!

வேணாம்டா. டேய் சூசை, வேணாம்டா, பல்லு கூட இல்லடா உனக்கு.

கேக்குதா தம்பி? கேக்குதா உங்களுக்கு? எனக்குப் பாடுறான். எனக்கு!

ஆசுபத்திரி பெஞ்சுமேல, எனக்க மக்கா
அழுது அழுது செத்தியா
ஆபரேசன் எனக்கிருக்க, எனக்க மக்கா
அவசரமாப் போனியா

வாட்ச்மேன் சிரிக்கிறான். நர்ஸு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. பிரமிளா, நீயுமா? அழுகையும் சிரிப்புமா முகம் எப்படி ஆயிருச்சு பாருங்க. தம்பி, நீங்களும் சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க.

டேய், டேய், சுருதி எங்கடா போகுது? கோயில்ல பூசைக்குப் பாடுற மாதிரி பாடுறான். "அவசரமா"ங்கற இடத்துல இழுக்கணும்டா, இழுத்து அப்படியே கீழ விடணும். கையைத் தூக்காத, ஊசி இருக்கு கையில. படு. பேசாம படு. கண்ணை மூடு. எழவுக்கு வந்த இடத்துல மானத்தை வாங்கிருவான் போலிருக்கு.

தம்பி, இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கங்க. தியேட்டர் வாசல் வரைக்கும் போயிட்டு வந்துர்றேன். தள்ளுங்கம்மா, மெதுவாத் தள்ளுங்க, நான் இவனுக்கு நாலு கண்ணி பாடணும்.